கீழ்ப்படி

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கணும்,
நீர் தானாக மேடேறாது என்றாள் நஸ்ரா.
மற்றதெல்லாம் உன் இஷ்டம். இதில் மட்டும் கீழ்ப்படி.
இருபத்தாறு வயது அவளுக்கு.
கயானியின் பனிச்சாலைகளில்
தினம் பதினொரு வீடுகளுக்குக் கார் ஓட்டுகிறாள்.
எந்த ஃபோர்மேனுக்கும் மசியாத நான்
சரி என்றேன்.

இருபத்தொரு வருடம் ஏறி இறங்கிய ஏணிதான்.
மரம் ஏற்றும் கிரேனின் கடைசிப் படியில்
கண்ணாடி போல ஒரு பனித்தகடு.
முதுகெலும்பில் என்னவோ நொறுங்கியது.
ஆறு மாதத்தில் கால்கள்
ஒரு கைத்தடியோடு திரும்பி வந்தன.
மூத்திரப்பை மட்டும்
இன்றுவரை ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அடிவயிற்றில் ஒரு துளை,
அதில் பென்சிலைவிட மெல்லிய குழாய்,
வழுக்கி விழாமல் உள்ளே பிடித்துக்கொள்ள
தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன்.
இதற்குமுன் என் வீட்டில்
யாரும் இவ்வளவு பிடிவாதமாகத் தங்கியதில்லை.
பகலில் தொடையில் கட்டிய பை.
பாதிக்கு மேல் ஏறினால்
நடக்கும்போது காலோடு பேசும்.
வெதுவெதுப்பாக இருக்கும்;
அதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
மடியில் தூங்கும் பூனையின் சூடு.
அருவருப்பு வந்து
பிறகு போய்விட்டது.
எந்த நாளில் போனதென்று குறித்துவைக்கவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு.
மைனஸ் முப்பத்தொன்று. சுவர்மரம் வெடித்து வெடித்து அடங்கும் குளிர்.
மூன்று மணிக்கு விழித்தால்
கட்டிலோரம் தொங்கும் இரவுப் பை காலி.
வயிறு கல்.
போனை எடுத்துவிட்டேன், எண்ணையும் அழுத்திவிட்டேன்,
அப்புறம்தான் நினைவு வந்தது:
முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பார்.
என் தொடைதான் அதன்மேல் படுத்திருந்தது.
புரண்டேன்.
மறுமுனையில் ஒரு பெண் ஹலோ ஹலோ என்க,
நான் பதில் சொல்லாமல்
பை பெருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கஞ்சன் காசு எண்ணுவதுபோல் எண்ணினேன்.
எழுநூற்று இருபது மில்லி.
மன்னிக்கணும், வந்துவிட்டது என்றேன்.
யார் வந்தார்கள் என்று அவள் கேட்டாள்.

வெள்ளி ஆறு மணி
எங்கள் குடியிருப்பில் பெண்களின் சௌனா முறை.
ஐந்து மாதமாக நான் போகவில்லை.
கதவைத் தட்டிய ஓய்லி
உள்ளே வராமலே சொன்னாள்:
உன் இடத்தில் துண்டு போட்டு வைக்கிறோம்,
துண்டுக்கு வியர்ப்பதில்லை.

உடை மாற்றும் அறையில்
என் தொடையை யாரும் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பது இங்கே ஒரு மொழி,
எனக்கும் சரளம்.
மார்கெத்தாவின் இடது மார்பு இருந்த இடத்தை
ஏழு வருடமாக
நானும் அப்படித்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.
ஓய்லி மட்டும் குனிந்து நேராகப் பார்த்தாள்.
அது எவ்வளவு சூடு தாங்கும்?
தெரியாது.
கேட்கவில்லையா?
கேட்கவில்லை. இங்கே வருவேன் என்று நினைக்கவில்லை.

அவள் ஒரு மரவாளியைக் கொண்டுவந்தாள்.
ஈரத்துண்டை அதில் விரித்து,
பையைத் தொட்டில் பிள்ளையாகக் கிடத்தி,
குழாயை இழுக்காமல்
வாளியைக் கீழ்ப்படியில் வைத்தாள்.
நடுப்படியில் எனக்கு இடம் விட
ஆளுக்கு ஒரு பிருஷ்டம் நகர்ந்தார்கள்.
மேல்படி ராணி நான்;
இறங்கி உட்கார்ந்ததில் கொஞ்சம் ரோஷம்தான்.

மார்கெத்தா அகப்பையால் மொண்டு
கல்மேல் ஊற்றினாள்.
சீறி எழுந்து
கூரையைத் தொட்டு
எங்கள் தோள்களில் கவிந்தது ஆவி.
நீர் மேடேறாது என்று
யாரோ சொன்னார்களே.

வெளியே வந்து பெஞ்சில் நால்வரும்
புகையும் உடம்போடு பீர் குடித்தோம்.
இரண்டாவது புட்டியை எனக்கு நீட்டிய ஓய்லி
என் தொடையைப் பார்த்து,
பிறகு புட்டியைப் பார்த்து,
இடமிருக்கா? என்றாள்.

திங்கட்கிழமை நஸ்ராவிடம் சொன்னேன்.
பேனாவை மூடினாள், திறந்தாள்.
டாக்டரைக் கேட்கணும்,
எத்தனை நிமிஷம் இருந்தாய்,
அவர்கள் எல்லாரும் யார் என்றாள்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில்
வாளி
என்று எழுதிக்கொண்டாள்.